தன்னம்பிக்கை வியாபாரிகளும் ஒரு ஜெர்மன் பாடகரும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. காலையில ஒரு தன்னம்பிக்கைக் கட்டுரை படிச்சாதான் காபியே இறங்கும்னு இருக்கறவங்க இப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். படிச்சு முடிச்சிட்டு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பக் கூடாது, ஆமாம் :)

தாமஸ் க்வாஸ்ட்ஹோஃப்னு ஒரு ஜெர்மன் பாடகர். மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்துல கீழ் ஸ்தாயியில கனமாவும் நடு ஸ்தாயியில இதமாவும் ஒலிக்கிற ஆண்குரலுக்கு பாஸ்-பாரிட்டோன்னு பேரு. 1990களிலும் 2000களிலும் அந்தக் குரல்வகையில் உலகம் கேட்ட மிகப்பெரிய பாடகர்களில் இவர் ஒருத்தர். மூணு கிராமி விருது. ஷூபர்ட், பாக், மாலர்னு இவர் பாடிப் பதிவான இசைத்தட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கு. ஆப்பரா மேடையும் ஏறியிருக்கார்.

ஆனா இவரைப் பத்தி நம்மாளுங்க கேள்விப்படறது பாட்டு மூலமா இல்லை. வாட்ஸப்புல ஒரு படம் வரும். கீழே நாலு வரி. கை இல்லை, உயரம் இல்லை, ஆனாலும் உலகை வென்றார், உனக்கு எல்லாம் இருந்தும் ஏன் புலம்புகிறாய், இதைப் பத்து பேருக்கு அனுப்பு. அவ்வளவுதான். அவர் என்ன பாடினார், யாரோட பாடினார், எந்தக் குரல், ஒரு வார்த்தை இருக்காது. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில அப்ரைசல் முடிஞ்சு எல்லாரும் கடுப்புல இருந்த நேரமாப் பார்த்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரும் இதே படத்தைத் திரையில போட்டார். ஒரு பாட்டாவது போடுவார்னு பார்த்தேன். கடைசி வரைக்கும் போடலை. சம்பள உயர்வு ஏன் இல்லைன்னு கேக்க வந்தவன் வாயை அடைக்க ஒரு மனுஷனோட உடம்பு தேவைப்பட்டது, குரல் தேவைப்படலை.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்தத் தன்னம்பிக்கைக் கதை அவரைப் புகழற மாதிரி இருக்கும். உண்மையில அது வேற யார் யாரையோ காப்பாத்துது. கதையில இருக்க வேண்டிய நாலு பாத்திரங்களை சத்தமில்லாம வெளியே அனுப்பிட்டு, "அவர் மனசு வெச்சார், ஜெயிச்சார்"னு முடிச்சிடறாங்க. அந்த நாலையும் ஒவ்வொண்ணா உள்ளே கூப்பிடறேன்.

1. மாத்திரை

க்வாஸ்ட்ஹோஃப் பிறந்தது 1959 நவம்பர் 9. ஊர், மேற்கு ஜெர்மனியில் ஹனோவர் பக்கத்தில் இருக்கும் ஹில்டஸ்ஹைம். அவர் "விதிவசத்தால்" அப்படிப் பிறந்தார்னு ஃபார்வேர்டு சொல்லும். விதிக்கு ஒரு பேர் இருக்கு, ஒரு முகவரி இருக்கு.

பேர் தாலிடோமைட். ஜெர்மனியில கொண்டர்கான்ங்கற பேர்ல வித்தாங்க. தயாரிச்சது க்ரூனென்டால்ங்கற கம்பெனி. 1957 அக்டோபர் 1-ஆம் தேதி கடைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் நல்லதுன்னு, டாக்டர் சீட்டு கூட இல்லாம வாங்கக்கூடிய மாத்திரை. எந்த ஆபத்தும் இல்லாத மாத்திரைங்கறதுதான் அதோட விளம்பரமே. கர்ப்பிணிகளும் சாப்பிட்டாங்க. க்வாஸ்ட்ஹோஃபோட அம்மாவும் அதில் ஒருத்தர்.

கரு உருவான சுமார் 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள் வரைக்கும் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலும் குழந்தையோட கை, கால், காது, உள்ளுறுப்புன்னு எது வேணும்னாலும் பாதிக்கப்படலாம். அந்த நாட்கள்ல பாதிப் பேருக்குத் தான் கர்ப்பமா இருக்கோம்ங்கறதே உறுதியாத் தெரிஞ்சிருக்காது. உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தாங்க. பிறக்கறதுக்கு முன்னாடியே கலைஞ்சு போனதும், பிறந்த சில நாள்லயே இறந்து போனதும் தனி.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மாத்திரை கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1956 டிசம்பர்ல, அந்தக் கம்பெனி ஊழியர் ஒருத்தர் வீட்டுல காது இல்லாம ஒரு குழந்தை பிறந்தாச்சு. அப்போ யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கலை. அப்புறம், மாத்திரை சாப்பிட்ட பெரியவங்களுக்கு கை கால் நரம்பு மரத்துப் போறதா டாக்டர்கள் கம்பெனிக்கு எழுத ஆரம்பிச்சாங்க. வியாபாரம் நிக்கலை. 1961 நவம்பர்ல விடுகிண்ட் லென்ஸ்ங்கற ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் கம்பெனிக்கே சொல்லி, விஷயம் பத்திரிகையிலும் வந்த பிறகுதான், நவம்பர் 27-ஆம் தேதி வாபஸ் வாங்கினாங்க. க்வாஸ்ட்ஹோஃபுக்கு அப்போ ரெண்டு வயசு.

அதே மாத்திரை அமெரிக்காவுக்குள்ள நுழைய 1960-ல மனு போட்டது. ஃப்ரான்சிஸ் கெல்சின்னு ஒரு அம்மா, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துல வேலைக்குச் சேர்ந்த புதுசு. கொடுத்த ஆதாரம் போதாதுன்னு ஃபைலைத் திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடலை. அந்த ஒரு கையெழுத்து விழாததால எத்தனை குழந்தைகள் தப்பிச்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தன்னம்பிக்கைக் கதை எழுதணும்னு அரிப்பு எடுத்தா கெல்சியைப் பத்தி எழுதுங்கப்பா!

வழக்கு நடந்தது. 1968 மே மாதம், ஆஹன் நகரத்துக்குப் பக்கத்துல ஆல்ஸ்டோர்ஃப்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சது. 1970 டிசம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பே சொல்லாம முடிச்சு வெச்சாங்க. கம்பெனி 100 மில்லியன் மார்க் தர்றதா ஒப்பந்தம். ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. கம்பெனி மன்னிப்புன்னு வாயைத் திறந்து கேட்டது 2012 ஆகஸ்ட் 31-ஆம் தேதி. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு மௌனம். க்வாஸ்ட்ஹோஃப் பாடறதை நிறுத்தறதா அறிவிச்சதும் அதே வருஷம், ஜனவரியில. அதாவது ஒரு மனுஷன் குழந்தையாப் பிறந்து, பாட்டுக் கத்துக்கிட்டு, போட்டியில ஜெயிச்சு, உலகம் பூரா பாடி, பேராசிரியராகி, ஓய்வும் வாங்கின பிறகு அந்த மன்னிப்பு வருது.

இந்த ஒரு பத்தியை விட்டுட்டு அவரோட வாழ்க்கையை "தடைகளைத் தாண்டிய கதை"ன்னு சொல்றவன் யாருக்கு வேலை பார்க்கறான்? தடையைப் போட்டவன் பேரே இல்லாம தடை மட்டும் எப்படிங்க வரும்?

2. பியானோ

மாத்திரை செஞ்சது போதாதுன்னு மனுஷங்களும் தங்கள் பங்குக்குச் செஞ்சாங்க. சாதாரணப் பள்ளியில முதல்ல இடம் கிடைக்கலை. கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கான ஒரு விடுதியில பல வருஷம் இருந்தார். புத்தியில எந்தக் குறையும் இல்லாத பையன். அவனோட உடம்பைப் பார்த்து அறிவையும் அங்கேயே சேர்த்து அனுப்பிட்டாங்க. பெத்தவங்க விடாம மோதித்தான் பிறகு சாதாரணப் பள்ளிக்குள்ள போக முடிஞ்சது.

அடுத்தது ஹனோவர் இசைக் கல்லூரி. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். பாட்டுப் படிக்கணும்னு போறார். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனா சேர்க்கை விதிமுறையில பியானோ வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு இருக்கு. தாலிடோமைட் பாதிப்போட பிறந்தவரால பியானோ வாசிக்க முடியாது. அதனால இடம் இல்லை. முடிஞ்சது.

இதைச் சொன்னா ஒரு கோஷ்டி உடனே வரும். "விதின்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் பொதுதானே, ஒருத்தருக்காக மாத்த முடியுமா?" அதுவும் ஒரு நியாயமான கேள்விதான், ஒதுக்கித் தள்ளலை. பாட்டு மாணவனுக்கு எதுக்குப் பியானோ? சும்மா வெச்ச விதி கிடையாது. ஒரே நேரத்துல பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கறதுதான் மேற்கத்திய சங்கீதத்தோட அடிப்படை. அந்தச் சேர்க்கைதான் ஹார்மனி. பாடகன் தொண்டையில ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வரும். கீபோர்டுல உக்கார்ந்தா பத்து விரலால மொத்தத்தையும் கேக்கலாம். புதுப் பாட்டைத் தானே வாசிச்சுப் படிக்கலாம். இதெல்லாம் சரி.

ஆனா நான் பொட்டி தட்டறவன். எங்க தொழில்ல முதல் வருஷமே மண்டையில குட்டிச் சொல்லிக் கொடுக்கற பாடம் ஒண்ணு இருக்கு. என்ன வேணும்ங்கறது வேற, அதை எப்படிச் செய்யறோம்ங்கறது வேற. முன்னது தேவை, பின்னது வழி. கல்லூரிக்கு வேண்டியது "இந்த மாணவனுக்கு ஹார்மனி புரியணும்". பியானோங்கறது அதைச் சோதிக்க யாரோ ஒரு காலத்துல தேர்ந்தெடுத்த வழி. நாளாக நாளாக வழியே தேவையா மாறி, விண்ணப்பத்துல நட்சத்திரக் குறி போட்ட கட்டாயக் கட்டமா ஆயிடுச்சு. அந்தக் கட்டம் காலியா இருந்தா உள்ளே யார் இருக்காங்கன்னு பார்க்காமலே சிவப்பு எழுத்துல பிழைன்னு காட்டும். மென்பொருள் அப்படிச் செஞ்சா பக்-னு பதிவு பண்ணுவோம். மனுஷன் அப்படிச் செஞ்சா விதிமுறைன்னு மரியாதை கொடுக்கறோம்.

சரி, அந்த விதி இல்லாம ஹார்மனி கத்துக்க முடிஞ்சதா? முடிஞ்சது. எர்ன்ஸ்ட் ஹூபர்-கொண்ட்விக்ங்கறவர்கிட்ட இசைக் கோட்பாடும் இசை வரலாறும் தனியாப் படிச்சார். அதாவது தேவை நிறைவேறிடுச்சு, வழி மட்டும் வேற. கல்லூரி நினைச்சிருந்தா இதை உள்ளேயே செஞ்சிருக்கலாம்.

இன்னும் கேளுங்க. 1996-ல ஜெர்மனியிலேயே டெட்மோல்ட் இசைக் கல்லூரி அவரைப் பேராசிரியரா எடுத்துக்கிட்டது. 2004-ல பெர்லின்ல இருக்கற ஹான்ஸ் ஐஸ்லர் இசைக் கல்லூரிக்கு மாறினார். மாணவனா உள்ளே விட முடியாதவர், வாத்தியாரா உள்ளே வரலாம்! அந்த இடைவெளியில அவருக்கு விரல் முளைக்கலை. பியானோ கத்துக்கலை. முதல்ல கதவைச் சாத்தினதுக்குச் சொன்ன காரணம் அப்போ என்ன காரணம்?

ஃபார்வேர்டு எழுதறவங்க இதை "கல்லூரி நிராகரித்தது, அவர் சோர்ந்து போகவில்லை"ன்னு ஒரே வரியில தாண்டிடுவாங்க. எனக்கு அவர் சோர்ந்தாரா இல்லையாங்கறது முக்கியமில்லை. சோர்ந்து போயிருந்தாலும் தப்பு கல்லூரியோடதுதான்.

3. ஷார்லொட்டே லேமன்

தன்னம்பிக்கைக் கதையில எப்பவும் ஹீரோ தனியா நிப்பார். பின்னாடி மலை, சூரிய உதயம். க்வாஸ்ட்ஹோஃப் தனியா நிக்கலை. அவருக்கு ஒரு டீச்சர் இருந்தாங்க.

ஷார்லொட்டே லேமன். (கூகுளாண்டவர்கிட்ட கேட்டா லோட்டே லேமன்னு ஒரு பெரிய பழைய ஆப்பரா பாடகியைக் காட்டுவார். அவங்க வேற, இவங்க வேற.) 1972-ல, பையனுக்குப் பதிமூணு வயசு கூட முழுசா நிரம்பாத சமயத்துலயே ஹனோவர்ல இவங்ககிட்ட பாட ஆரம்பிச்சார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, வருஷக்கணக்கா ஒரே டீச்சர். கல்லூரியில வகுப்பு, மேடை, சக மாணவர்கள், பட்டம்னு சேர்ந்து கிடைக்க வேண்டிய ஒண்ணை ஒரு டீச்சரும் ஒரு குடும்பமும் சேர்ந்து வெளியில கட்டினாங்க. அப்பாவுக்குப் பாட்டு மேல இருந்த ஆசை, அம்மா, அண்ணன் மிகைல், எல்லாரும் இதுல இருக்காங்க.

இதுக்கு நடுவுல பிழைப்பும் பார்க்கணுமே. கொஞ்ச காலம் சட்டம் படிச்சார். சேமிப்பு வங்கியில வேலை பார்த்தார். அப்புறம் வட ஜெர்மன் வானொலியில அறிவிப்பாளர். நல்லாக் கவனிங்க, குரல் வேலை. கல்லூரி வேண்டாம்னு சொன்ன குரலை வானொலி சம்பளம் கொடுத்து வெச்சுக்கிட்டது.

1988-ல ம்யூனிக் நகரத்துல ஏ.ஆர்.டி. சர்வதேச இசைப் போட்டியில முதல் பரிசு. இசை உலகத்துல அது லேசுப்பட்ட போட்டி இல்லை. டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ், அதாவது ஜெர்மன் பாட்டுல அந்தக் காலத்துல அவருக்கு மேல ஆள் கிடையாதுன்னு சொல்லப்பட்டவர், இந்தக் குரலைப் பாராட்டினார். அங்கேயிருந்துதான் பெரிய மேடைகள். 1995-ல ஹெல்மூத் ரில்லிங் நடத்தின ஆரிகன் பாக் திருவிழா வழியா அமெரிக்கா. க்ளாடியோ அப்பாடோ நடத்த, ஆன் சோஃபி வான் ஓட்டரோட சேர்ந்து பாடின மாலர் பாடல் தொகுப்புக்கு 2000-ல முதல் கிராமி. ஷூபர்ட் பாடல்களை இசைக்குழுவோட பாடினதுக்கு 2004-ல இன்னொண்ணு. பாக் காண்டாட்டாக்களுக்கு 2006-ல மூணாவது.

இப்போ கணக்கைப் பாருங்க. 1972-லேருந்து 1988. பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷமும் பின்னாடி நின்னு தாங்கற குடும்பமும், கைவிடாத டீச்சரும் எல்லாருக்கும் வாய்க்குமா? தாலிடோமைட் குழந்தைகள் ஜெர்மனியில மட்டும் ஆயிரக்கணக்குல. அதுல எத்தனை பேருக்கு நல்ல குரல் இருந்திருக்கும், எத்தனை பேருக்குக் கணக்கு நல்லா வந்திருக்கும்? விடுதியோட நின்னு போனவங்க எத்தனை பேர்? அவங்களுக்குத் தன்னம்பிக்கை பத்தலைன்னு சொல்லுவீங்களா? ஜெயிச்ச ஒருத்தரைக் காட்டி மத்தவங்க எல்லாரையும் மறைமுகமாத் திட்டறதுதான் இந்தக் கதையோட நுண்ணரசியல்.

4. குரல்

நாலாவதாக் காணாமப் போனது ரொம்ப முக்கியமான ஆள். அவரோட குரல்.

ஆப்பரா, கச்சேரி எதுவானாலும் இவங்க மைக் இல்லாமப் பாடறவங்க. ரெண்டாயிரம் பேர் உக்கார்ந்திருக்கற அரங்கம், முன்னாடி முழு இசைக்குழு. அதுக்கு மேல குரல் கடைசி வரிசை வரைக்கும் போகணும். விலா எலும்பு, உதரவிதானம், குரல்நாண், வாய், மண்டைக்குள்ள இருக்கற வெற்றிடங்கள், மூச்சை அளந்து விடற கட்டுப்பாடு, இதுதான் கருவி. இந்தப் பட்டியல்ல கை எங்கே வருது? பாடறதுக்குக் கை தேவையே இல்லைன்னா, "கை இல்லாமல் பாடினார்"ங்கறது என்ன வாக்கியம்? "மீசை இல்லாமல் கணக்குப் போட்டார்"னு சொல்லுவோமா?

அவர் உயிர் இருந்தது லீட்ங்கற வகையில. ஒரு பாடகர், ஒரு பியானோ, ஒரு ஜெர்மன் கவிதை. வேற ஒண்ணும் கிடையாது. செட் இல்லை, உடை இல்லை, நடிப்பு இல்லை. ஷூபர்ட் 1827-ல எழுதின 'விண்டர்ரைஸ'ங்கற 24 பாட்டு கொண்ட தொகுப்பு இருக்கே, அதைப் பாடறவர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல நின்னு, காதல் போய் பனியில தனியா நடக்கற ஒருத்தனைக் குரலால மட்டுமே நம்ம முன்னாடி நடக்க வைக்கணும். க்வாஸ்ட்ஹோஃப் பாடும்போது ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாத எனக்கே ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனித்தனியாக் காதுல விழும். கடைசிப் பாட்டுல தெருவோரம் பெட்டியைச் சுத்தி வாசிக்கிற ஒரு கிழவன் வருவான். அந்த இடத்துல குரல்ல இருக்கற எல்லா நிறத்தையும் வடிச்சு எடுத்துட்டு வெறும் காத்து மாதிரி பாடுவார். அவ்வளவு பெரிய குரலை அவ்வளவு சின்னதா ஆக்கறதுதான் அவரோட வித்தை. இதைப் பத்தி எவனாவது ஃபார்வேர்டு அனுப்பினானா?

மேடையில அவருக்குத் தேவைப்பட்ட விசேஷ ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு சின்ன மேடைப்பலகை. அவ்வளவுதான். தச்சர் அரை நாள்ல செஞ்சு கொடுத்துடுவார். "ஊனத்தை வென்றார்"னு எழுதறீங்களே, கச்சேரி அரங்கத்தைப் பொறுத்தவரை அந்த ஊனம் ஒரு பலகை உயரம்தான்.

ஆப்பராவுக்கு அவர் தாமதமாத்தான் வந்தார். ஆப்பராங்கறது உடம்போட நடமாடி நடிச்சுப் பாடற நாடகம். தன்னோட உடம்பு வேடிக்கைப் பொருளா ஆகிடக் கூடாதுன்னு அவர் ஜாக்கிரதையா இருந்தார். 2003-ல சால்ஸ்பர்க் ஈஸ்டர் திருவிழாவுல, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோட சைமன் ராட்டில் நடத்தின 'ஃபிடேலியோ'தான் முதல் ஆப்பரா மேடை. வயசு 43. பீத்தோவன் எழுதின ஒரே ஆப்பரா அது. அநியாயமா அடைச்சு வெச்ச புருஷனை மீட்க ஒரு பெண் ஆண் வேஷத்துல சிறைக்குள்ள வேலைக்குப் போற கதை. கடைசிக் காட்சியில வந்து நீதி வழங்கற மந்திரி டான் ஃபெர்னாண்டோதான் இவர் பாத்திரம். சின்ன வேஷம், ஆனா மேடையில அதிகாரம் முழுக்க அவர் கையில. அடுத்த வருஷம் வியன்னா அரசு ஆப்பராவுல வாக்னரோட 'பார்சிஃபால்'. ஆறாத காயத்தோட அவதிப்படற ராஜா அம்ஃபோர்டாஸ். ரெண்டுமே குரலுக்காகக் கிடைச்ச வேஷம். மந்திரிக்குக் கனம் வேணும், ராஜாவுக்கு வலி வேணும், ரெண்டும் அந்தத் தொண்டையில இருந்தது.

அவரே 2004-ல சுயசரிதை எழுதினார், பத்திரிகையாளரான அண்ணன் மிகைலோட சேர்ந்து. புத்தகத்துக்கு என்ன தலைப்பு வெச்சார் தெரியுமா? "குரல்". அவ்வளவுதான். தன்னைப் பத்தி ஒரே வார்த்தை சொல்லணும்னா எதைச் சொல்லணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

சரி, "ஒரு நல்ல கதையைப் படிச்சு நாலு பேருக்கு உற்சாகம் வந்தா உனக்கு என்னய்யா நஷ்டம்?"னு கேப்பீங்க. நண்பர் ஒருத்தர் ஏற்கனவே கேட்டுட்டார். உற்சாகம் வரட்டும், வேண்டாங்கலை. ஆனா அந்த உற்சாகம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க. படிக்கறவன் "நான் இன்னும் உழைக்கணும்"னு நினைக்கிறான். "அந்தக் கல்லூரி கதவைத் திறந்திருக்கணும்"னு நினைக்கறதில்லை. "அந்தக் கம்பெனி சீக்கிரம் நிறுத்தியிருக்கணும்"னு நினைக்கறதில்லை. நாளைக்கு அவனே ஒரு சேர்க்கைக் குழுவுல உக்கார்ந்தா, அவன் முன்னாடி இப்படி ஒரு விண்ணப்பம் வந்தா, என்ன செய்வான்? "உண்மையிலேயே திறமை இருந்தா எப்படியாவது ஜெயிச்சிடுவார், க்வாஸ்ட்ஹோஃப் ஜெயிக்கலையா?"ன்னு நிம்மதியா நிராகரிச்சிட்டு டீ குடிக்கப் போவான். கல்நெஞ்சுக்கு இதைவிட நல்ல மயக்க மருந்து வேணுமா?

இன்னொண்ணு. இந்தக் கதைகள் எல்லாம் ஒரு இடத்துல கரெக்டா நின்னுடும். வெற்றி, கைத்தட்டல், சுபம். க்வாஸ்ட்ஹோஃப் வாழ்க்கை அங்கே நிக்கலை.

அண்ணன் மிகைலுக்கு நுரையீரல் புற்றுநோய். 2010-ல இறந்து போனார். அந்தத் துக்கத்துல தன் குரல் போயிடுச்சுன்னு க்வாஸ்ட்ஹோஃப் பின்னால பேட்டிகள்ல சொல்லியிருக்கார். தொண்டையைப் பார்த்தா குறை ஒண்ணும் தெரியலை, ஆனா பாட்டு வரலை. 2012 ஜனவரியில, 52 வயசுல, பாஸ்-பாரிட்டோன் பாடகருக்கு இன்னும் நல்ல வருஷங்கள் பாக்கி இருக்கற வயசுல, நிறுத்தறதா அறிவிச்சார். உடல்நிலை காரணமா, தன் கலைக்குத் தான் வெச்சிருக்கற தரத்தை இனி எட்ட முடியாதுங்கறதுதான் அதோட சாரம்.

இதை யாரும் ஃபார்வேர்டு பண்ண மாட்டாங்க. "முடியாதுன்னு ஒண்ணு இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு, "இனி முடியாது"ன்னு தெளிவாச் சொல்லிட்டு இறங்கின மனுஷனை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாது. எனக்கென்னமோ அவரோட வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கை, உயரம், கல்லூரி விதி, இதெல்லாம் வெளியிலேருந்து அவருக்குப் போட்ட எல்லை. அதை ஏத்துக்கலை. குரல் போனது உள்ளேயிருந்து வந்த எல்லை. அதை நேர்மையா ஏத்துக்கிட்டார். சுமாராப் பாடினாலும் ஜனங்க கைதட்டியிருப்பாங்க, அதுவும் எழுந்து நின்னு. அவர் உடம்பைப் பார்த்துக் கைதட்டறவங்களுக்குக் குரல் எப்படி இருந்தா என்ன? அந்தக் கைத்தட்டல் வேண்டாம்னு விட்டார் பாருங்க, அதுதாங்க கலைஞன்.

வீட்டுல முடங்கியும் உக்காரலை. அதே வருஷம் பெர்லினர் ஆன்சாம்பிள் நாடக அரங்கத்துல ஷேக்ஸ்பியரோட விதூஷகனா நடிச்சார். பாடாம, பேச மட்டும் செய்யற பாத்திரமா மொசார்ட் ஆப்பரா பதிவு ஒண்ணுல வந்தார். ஜாஸ் பக்கம் திரும்பி, 2018-ல என்.டி.ஆர். பிக்பேண்டோட ஒரு ஆல்பம் போட்டார். 2009-லயே லீட் பாடகர்களுக்காக ஒரு சர்வதேசப் போட்டியும் ஆரம்பிச்சு வெச்சிருந்தார். தான் உள்ளே நுழையப் பட்ட பாடு தெரிஞ்சவர், அடுத்தவங்களுக்கு ஒரு கதவு செஞ்சு வெச்சார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அவர் படத்தை அடுத்த தடவை யாராவது அனுப்பினா, பதிலுக்கு ஒரு பாட்டை அனுப்புங்க. எதை அனுப்பறதுன்னு தெரியலைன்னா நான் சொல்றேன். பாக் 1727-ல எழுதின 82-ஆம் எண் காண்டாட்டா. 'இக் ஹாபே கெனுக்'னு பேரு. "எனக்கு இது போதும்"னு அர்த்தம். மேல சொன்ன 2006 கிராமி வாங்கின தொகுப்புல இருக்கு. முதல்ல ஓபோ வாத்தியம் தனியா ஒரு நெளி நெளிஞ்சு வரும், அப்புறம் அவர் நுழைவார். நடுவுல ஒரு தாலாட்டு வரும், அதைத் தவற விடாதீங்க. ஒலியை மட்டும் கேளுங்க, வீடியோ வேண்டாம்.

கேட்டுட்டு வாங்க. பின்னூட்டத்துல சண்டையை வெச்சுக்கலாம் :)

டிஸ்கி: தன்னம்பிக்கை எழுத்தாளர்கள் யாரையும் குறிப்பிட்டு எழுதலை. யாருக்காவது சுருக்குனு பட்டா, அது பாக் இசையோட பவர்னு எடுத்துக்கவும்.